யோகனான் முதல் கருணையன் வரை

யூதேய மலைநாட்டில், முதிய குரு சகரியாவின் வீட்டில் சுற்றத்தார் கூடியிருக்கிறார்கள். குழந்தை பிறந்து எட்டாம் நாள். விருத்தசேதனம் செய்து பெயர் சூட்டும் நாள். தகப்பன் பெயரையே பிள்ளைக்கு வைத்துவிடலாம் என்று உறவினர் முடிவு செய்கிறார்கள். தாய் எலிசபெத்து ஒப்பவில்லை. வேறொரு பெயரைச் சொல்கிறாள். அந்தப் பெயர் உங்கள் வம்சத்தில் ஒருவருக்கும் இல்லையே என்று கேட்டு, தகப்பனிடம் சைகை காட்டுகிறார்கள். பல மாதங்களாகப் பேச்சிழந்திருந்த சகரியா எழுத்துப் பலகையை வாங்கி, மனைவி சொன்ன பெயரையே எழுதிக் காட்டுகிறார். லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரம் இதைச் சொல்கிறது. அந்தப் பெயர் எபிரேயத்தில் யோகனான். நம் புதிய ஏற்பாட்டில் அது யோவான்.

லூக்கா இந்த நிகழ்ச்சிக்கு முன்பே இரண்டு செய்திகளைத் தந்துவிடுகிறார். கணவனும் மனைவியும் கடவுள் பார்வையில் நீதிமான்களாய் வாழ்ந்தவர்கள் என்பது ஒன்று. சகரியாவின் வேண்டுதல் கேட்கப்பட்டது என்று தூதர் அறிவித்தார் என்பது மற்றொன்று. இரண்டையும் சேர்த்துப் படிப்பவர் மனத்தில் எளிதாக ஒரு கணக்கு ஓடும்: நல்லவர்கள் வேண்டினார்கள், நன்மைக்குக் கூலி கிடைத்தது. பெயர் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. யோகனான் என்றால் ‘யாவே இரங்கி அருளினார்’ என்று பொருள். நீதியைக் குறிக்கும் வேரிலும் எபிரேயத்தில் பெயர்கள் உண்டு. யோசதாக், சிதேக்கியா இரண்டும் அப்படிப்பட்டவை. அந்தப் பெயர்களுங்கூடக் கடவுளின் நீதியைத்தான் பேசுகின்றன, மனிதனுடையதை அல்ல. சகரியாவின் மகனுக்கு வாய்த்ததோ நீதியின் பெயரே அன்று, அருளின் பெயர்.

எபிரேயச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்துகளாலான வேர்களிலிருந்து கிளைப்பவை. யோகனான் என்ற பெயரின் முன்பாதி கடவுளின் பெயர்ச்சுருக்கம். பின்பாதி ஹேத், நூன், நூன் என்ற வேர். ‘ஹனன்’ என்னும் வினை, வலியவர் எளியவர்மேல் கடமையால் உந்தப்படாமல் மனமிரங்கித் தயவு காட்டுவதைச் சொல்லும். ‘ஹேன்’ என்பது அந்தத் தயவு. ‘ஹன்னூன்’ என்பது தயவுள்ளவர். மறைநூலில் இந்த அடைமொழி பெரும்பாலும் கடவுளுக்கே உரியது. இதே வேரில் ‘ஹின்னாம்’ என்று ஒரு சொல்லும் உண்டு. விலையின்றி, காரணம் கேளாமல் என்பது அதன் பொருள். நம் பேச்சுத் தமிழில் ‘சும்மா கொடுத்தார்’ என்கிறோமே, அந்தச் சும்மா.

வினையைத் தன்னை நோக்கித் திருப்பும் ஒரு வடிவம் எபிரேயத்தில் இருக்கிறது. அதில் இந்த வேர் ‘ஹித்ஹன்னேன்’ ஆகிறது: தனக்கென்று அருளைத் தேடுதல், அதாவது கெஞ்சி வேண்டுதல். அதிலிருந்து ‘தெஹின்னா’, ‘தஹனூன்’ என்னும் பெயர்ச்சொற்கள் வந்தன. இரண்டுக்கும் மன்றாட்டு என்று பொருள். கொடுப்பதற்கும் கேட்பதற்கும் ஒரே வேர்! கேட்பவன் வாயிலிருந்து வரும் சொல்லுக்குள்ளேயே, கொடுப்பவரின் தயவு வேராக ஓடுகிறது.

தமிழில் அருளும் மன்றாட்டும் வெவ்வேறு இடத்திலிருந்து வந்த சொற்கள். மன்று என்பது ஊரவை. வழக்குப் பேசும் இடம். அங்கே நின்று முறையிடுவதுதான் மன்றாடுதல். எபிரேயத்திலும் வழக்காடு களத்தை ஒட்டிய ஒரு சொல் இருக்கிறது. செபத்துக்கு அவர்கள் பொதுவாக வழங்கும் ‘தெஃபில்லா’, நீதிபதிகளைக் குறிக்கும் ‘பெலீலிம்’ என்ற சொல்லோடு வேரால் உறவுடையது. சாலொமோன் ஆலயத்தை அர்ப்பணித்தபோது செய்த வேண்டுதலில் தெஃபில்லாவும் தெஹின்னாவும் அடுத்தடுத்து வருகின்றன. கடவுள் முன் நிற்பவனுக்கு வழக்கும் உண்டு, கெஞ்சலும் உண்டு. எதை ஆதாரமாக வைத்து வழக்கைப் பேசுவது என்ற கேள்வி வரும்போதுதான் இரண்டாவது சொல்லின் அருமை தெரியும்.

இந்த வேரில் பிறந்த பெயர்கள் ஒரு பெருங்குடும்பம். யோகனானின் இரு பாதிகளையும் இடம் மாற்றினால் அனனியா. கடவுள்பெயர் ஒட்டாமல் வேர் மட்டும் நின்றால் அன்னாள். எபிரேயத்துக்கு நெருங்கிய உறவான பினீசிய மொழியைப் பேசிய கார்த்தேஜ் நகரத்தில், உரோமையை நடுங்கவைத்த ஹன்னிபாலின் பெயரிலும் இருப்பது இந்த வேரே; அங்கே அருளியவராகச் சொல்லப்பட்டவர் பாகால் என்னும் தெய்வம்.

அன்னாளின் கதையில் பெயரும் செபமும் ஒன்றையொன்று தொடுகின்றன. பிள்ளையில்லாத துயரோடு சீலோவின் ஆலயத்தில் அவள் உதடு மட்டும் அசைய வேண்டுகிறாள். குரு ஏலி அவளைக் குடித்திருப்பவள் என்று எண்ணிக் கடிந்துகொள்கிறார். தன் பக்தியையோ ஒழுக்கத்தையோ அவள் பட்டியலிடவில்லை. தன் மனத்துயரைச் சொல்லிவிட்டு, உம் கண்களில் எனக்குத் தயவு கிடைக்கட்டும் என்ற பொருளில் விடைபெறுகிறாள். அங்கே தயவுக்கு அவள் சொல்லும் சொல் ‘ஹேன்’. அவளுடைய பெயரின் வேர்.

வேண்டுகிறவன் நீதிமானாயிருந்தால் என்ன செய்வது? அவனுக்காவது உரிமை உண்டா? இந்தக் கேள்விக்கு மறைநூல் மோசேயை நிறுத்துகிறது. யோர்தானைக் கடந்து வாக்களிக்கப்பட்ட நாட்டைப் பார்க்க வேண்டும் என்று கடவுளிடம் கெஞ்சியதை அவர் உபாகமம் மூன்றாம் அதிகாரத்தில் நினைவுகூர்கிறார். அங்கே வரும் வினை ஹித்ஹன்னேன் வடிவம். யூதத் தொழுகைக்கூடங்களில் ஆண்டுதோறும் முறையாக வாசிக்கப்படும் பகுதிகளுள் ஒன்றுக்கு ‘வாஎத்ஹன்னன்’ என்றே பெயர். ‘நான் கெஞ்சினேன்’ என்பது பொருள். பிரான்சின் துருவா நகரில் வாழ்ந்த உரையாசிரியர் ராஷி (1040–1105) இந்த இடத்துக்கு எழுதிய விளக்கம் யூத வாசகர் எல்லாருக்கும் தெரிந்தது. இந்த வேர் எங்கு வந்தாலும் அது இலவசக் கொடையையே குறிக்கும். நீதிமான்கள் தம் நற்செயல்களைச் சுட்டிக் கேட்க முடியும் என்றாலும் அப்படிக் கேட்பதில்லை. சும்மா தரப்படும் கொடையையே கேட்கிறார்கள் என்பது அதன் சாரம்.

மோசேக்கு அந்த நாட்டில் கால்வைக்க அனுமதி கிடைக்கவில்லை. மலையுச்சியிலிருந்து பார்க்க மட்டுமே வாய்த்தது. இதை மறைக்காமல் சொல்வது அந்த நூலின் நேர்மை. அருளை நம்பிக் கேட்பது வேறு, கேட்டதைப் பெற்றே தீர்வது வேறு. கொடையென்று கேட்டவன், கொடாதபோது கடன் பாக்கி என்று சண்டைக்கு நிற்க மாட்டான். மறுப்புக்குப் பிறகும் மோசே கடவுளை விட்டுப் போகவில்லை என்பதில் அந்தக் கெஞ்சலின் உண்மை தெரிகிறது.

யோபு இதை இன்னும் கூர்மையாகச் சொல்லிவிடுகிறார். அவர் நூல் முழுவதும் தன் குற்றமின்மையை விடாமல் பேசுபவர். அப்படிப்பட்டவரே ஒன்பதாம் அதிகாரத்தில், தான் நீதியுள்ளவனாயிருந்தாலும் தன் நியாயாதிபதியிடம் இரக்கத்தைக் கெஞ்சவே வேண்டியிருக்கும் என்று ஒப்புக்கொள்கிறார். நீதியைக் குறிக்கும் வேர், தீர்ப்பைக் குறிக்கும் வேர், அருளைக் குறிக்கும் வேர் மூன்றும் ஒரே வசனத்தில் கூடும் இடம் இது. மூன்றும் கூடியபோது வாய்ப்பேச்சு கெஞ்சலில்தான் முடிகிறது.

இந்த வேரின் வரலாற்றில் உச்சமான இடம் தானியேல் நூலின் ஒன்பதாம் அதிகாரம். எருசலேம் பாழாய்க் கிடக்கிறது. அந்த நகரம் விழுந்தபோது அரியணையில் இருந்தவன் பெயர் சிதேக்கியா, ‘யாவே என் நீதி’. நீதியின் பெயரைத் தாங்கிய அரசனோடு நாடு வீழ்ந்தது. தானியேலோ அடிமைநாட்டில் இருக்கிறார். அவருடைய பெயருக்கு ‘தீர்ப்பளிப்பவர் கடவுள்’ என்று பொருள். அவருடைய தோழன் அனனியாவின் பெயரை அரண்மனை அதிகாரி மாற்றி சாத்ராக் என்று வைத்துவிட்டான். ஆண்டவர் அருளினார் என்று சொன்ன பெயர் அரசாங்க ஏட்டிலிருந்து போய்விட்டது. ஆனால் அந்த வேர் தானியேலின் செபத்தில் திரும்ப வருகிறது.

எழுபது ஆண்டுகள் என்று எரேமியா குறித்த காலத்தை ஏடுகளில் படித்தறிந்து, சாக்குடுத்தி, சாம்பலில் அமர்ந்து, உபவாசத்தோடு அவர் வேண்டுகிறார். தஹனூன், தெஹின்னா என்னும் சொற்கள் அந்த அதிகாரத்தில் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. பதினெட்டாம் வசனத்தில் அவர் தன் வேண்டுதலின் அடித்தளத்தைத் திறந்து காட்டுகிறார்: எங்கள் நீதிச்செயல்களை முன்னிட்டு அல்ல, உமது மிகுந்த இரக்கங்களை முன்னிட்டே இந்த மன்றாட்டை உம்முன் வைக்கிறோம் என்பது அதன் கருத்து. ‘வைக்கிறோம்’ என்று நாம் சொல்லுமிடத்தில் எபிரேய வினை ‘விழச்செய்கிறோம்’ என்கிறது. மன்றாட்டு கடவுளின் காலடியில் விழுகிறது.

இதைச் சொன்னவர் யார் என்பதை மறக்கக் கூடாது. பகைவர்கள் துருவித் தேடியும் தானியேலிடம் ஒரு குற்றமும் காண முடியவில்லை என்று அதே நூல் ஆறாம் அதிகாரத்தில் சான்று தருகிறது. தன் நாளில் எவரையும்விட நீதியைக் காட்டிக் கேட்கத் தகுந்தவர் அவர். அவரோ ‘அவர்கள் பாவம் செய்தார்கள்’ என்று சொல்லாமல் ‘நாங்கள் பாவம் செய்தோம்’ என்கிறார். தீர்ப்பின் பெயரைத் தாங்கியவர் தனக்குச் சாதகமான தீர்ப்பைக் கேட்கவில்லை. மக்களோடு மக்களாய் நின்று இரக்கத்தைக் கேட்டார்.

தானியேலின் அந்தச் சொற்கள் யூதர்களின் அன்றாடக் காலைச் செபத்தில் நிலைபெற்றுவிட்டன. கடவுளை உலகங்களின் தலைவர் என்று அழைத்து, உடனே அந்த வசனத்தை எடுத்துரைக்கும் மன்றாட்டு அது. பாவப்பரிகார நாளில் என்ன சொல்லி அறிக்கையிடுவது என்று யூத ஆசிரியர்களின் போதனைத் தொகுப்பான தால்முதின் யோமா பகுதி ஆராயும்போது, அதே விளியோடு தொடங்கும் மன்றாட்டைப் பரிந்துரைத்தவராக ஓர் ஆசிரியரைக் காட்டுகிறது. திபேரியாவில் கி.பி. 3ஆம் நூற்றாண்டில் கற்பித்த அவர் பெயர் யோகனான்! உபாகமத்துக்கான மித்ராஷ் உரை, மோசேயின் கெஞ்சலைப் பற்றி இதே ஆசிரியர் சொன்னதாக ஒரு கருத்தைத் தருகிறது: இறைவாக்கினர் எல்லாருக்கும் ஆசானான மோசேயே தஹனூன் மொழியில்தான் வந்தார், ஆகவே படைத்தவரிடம் படைப்புக்கு உரிமைப் பாக்கி ஏதும் இல்லை. இந்த யோகனான் தன் பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்தவர் என்று தால்முத் சொல்லும். சுகமாக வாழ்ந்தவன் எளிதாய்ச் சொல்லிவிட்ட வாக்கு அன்று அது.

அவருக்கு முன்னே வாழ்ந்த இன்னொரு யோகனானும் இங்கே நினைவுக்கு வருகிறார். கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் எரிந்தபின் யூதக் கல்வியை யாவ்னேயில் காத்து வளர்த்த யோகனான் பென் சக்காய். அவர் நோயுற்றுக் கிடந்தபோது பார்க்க வந்த மாணவர்கள் முன் அழுதார் என்று தால்முத் கூறுகிறது. இஸ்ரவேலின் விளக்கு என்று மாணவர்கள் போற்றிய அந்த மனிதர், தன்னை எந்த வழியில் கொண்டுபோவார்கள் என்று தெரியவில்லையே என்று கலங்கினார். வாழ்நாளெல்லாம் சேர்த்த கல்வியும் தொண்டும் அந்த நேரத்தில் கைச்சீட்டாக நீட்டப்படவில்லை.

வாரநாள்களில் பெரிய செபம் முடிந்தபின் யூதர்கள் முழங்கையில் நெற்றியைச் சாய்த்துச் சொல்லும் மன்றாட்டின் பெயரே ‘தஹனூன்’. ஓய்வுநாளிலும் பண்டிகைகளிலும் அதைச் சொல்வதில்லை. திங்களும் வியாழனும் அது நீண்டிருக்கும். தானியேலின் வேண்டுதல் வரிகள் அப்போது அதில் சேரும். நெற்றியைச் சாய்க்கும் அந்தச் செயலுக்கு ‘முகம் விழுதல்’ என்று பெயர். தானியேல் வழங்கிய ‘விழச்செய்தல்’ என்ற வினையின் வேர்தான் அதிலும்.

இனி பெயரின் பயணம். முதல் நூற்றாண்டு யூதேயாவில் யோகனான் மிகப் பரவலான பெயர். 1968இல் எருசலேமின் வடபுறத்தில் ஒரு கல்லறையைத் திறந்தபோது, குதிகாலில் ஆணி தைத்த எலும்போடு ஒரு கற்பேழை கிடைத்தது. சிலுவையில் அறையப்பட்ட அந்த மனிதனின் பெயராகப் பேழையில் செதுக்கியிருந்தது யெகோகனான். கிரேக்கத்தில் இப்பெயர் யோவான்னேஸ் ஆனது. ஹேத் என்ற தொண்டையொலி கிரேக்க எழுத்தில் அமையாமல் உதிர்ந்தது. அதிலிருந்து லத்தீனுக்கும், பின்பு ஷான், ஹுவான், ஜுவாவோ, இவான், ஜான் என்று ஐரோப்பா முழுவதற்கும் சென்றது. ஜெர்மானியர் ஹான்ஸ் என்று சுருக்கியபோது கடவுளின் பெயர் உதிர்ந்து, அருள் என்ற பாதி மட்டும் மிஞ்சியது. சிரியத் திருச்சபை வழியாகக் கேரளத்துக்கு வந்த யோகன்னான் இரு பாதிகளையும் ஏறக்குறைய முழுமையாகக் காத்தது. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் எரேமியா நூலின் படைத்தலைவன் யோகனான். நற்செய்தியில் வருபவர் யோவான். இரண்டும் ஒரே பெயர் என்பது வாசகனுக்குத் தெரியாமலே போகும்.

அரபியில் நடந்தது வியப்பானது. குர்ஆனில் சகரியாவின் மகன் பெயர் யஹ்யா. பெயர் வடிவத்தில் ஹனன் வேர் இல்லை. ஆனால் மர்யம் என்னும் 19ஆம் அத்தியாயம் இறைவன் தன் அடியார் சகரிய்யாவுக்குக் காட்டிய ‘ரஹ்மத்’தை, அதாவது இரக்கத்தை, நினைவூட்டித் தொடங்குகிறது. யஹ்யாவுக்குத் தன்னிடமிருந்து வழங்கியதாக இறைவன் சொல்லும் கொடைகளுள் ஒன்று ‘ஹனான்’, கனிவு. குர்ஆன் முழுவதிலும் அந்தச் சொல் வருவது அங்கே ஒருமுறைதான். பெயரில் இல்லாத வேர் அவருடைய கதைக்குள் வந்து நிற்கிறது. ‘யா ஹன்னான்’ என்று இறைவனை அழைத்து இரக்கம் கேட்கும் துஆக்கள் இன்றும் முஸ்லிம்களின் நாவில் உள்ளன.

தமிழ் இந்தப் பெயரை ஒலியாக மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை, பொருளையே பெயராக்கியது. கத்தோலிக்கர் யோவானை அருளப்பர் என்றனர். சிறியவர் எனப் பொருள்படும் பவுல் சின்னப்பர் ஆனதும் இந்த முறையில்தான். பழைய பாவசங்கீர்த்தன மந்திரத்தில், தன் பாவத்தை ஏற்று நிற்கும் மனிதன் பரிந்து பேசும்படி வேண்டும் புனிதர்களுள் ஸ்நாபக அருளப்பர் ஒருவர். பாவியின் வாயில் அருளின் பெயர்! லிஸ்பனில் 1647இல் பிறந்த ஜுவாவோ தெ பிரிட்டோ மறவர் நாட்டில் அருளானந்தர் ஆனார். 1693இல் ஓரியூரில் தலை வெட்டுண்டு இறந்தார். வீரமாமுனிவர் தேம்பாவணியில் சூசைக்கு வளன் என்றும், யோவானுக்குக் கருணையன் என்றும் பெயர் தந்தார். தாய் எலிசபெத்தை இழந்து கருணையன் புலம்பும் பகுதியைப் பத்தாம் வகுப்புப் பாடநூலில் படித்தவர்கள் பலர். அந்தப் பெயர் ஹனன் என்ற எபிரேய வினையின் நேர்த் தமிழாக்கம் என்பதையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் யோவான் என்ற வடிவம் நின்றது. எல்லாச் சபைகளுக்கும் ஒரே பெயர் என்பது நல்லதே. ஆனாலும் அருளப்பர் என்ற பெயரை வீட்டுப் பேச்சிலிருந்து இழந்துவிடக் கூடாது என்பது என் விருப்பம். இந்தப் பெயரை வைத்தவர்கள் அதன் வேர்வரை போய் வந்தவர்கள்.

சீர்திருத்தச் சபைகளின் வழியிலும் தானியேலின் வேண்டுதல் நம்மிடம் வந்தது. இங்கிலாந்தின் பேராயர் தாமஸ் கிரான்மர் 1548இல் அமைத்த திருவிருந்துச் செபமொன்று, எங்கள் நீதியை நம்பி இப்பந்திக்கு வரவில்லை என்ற கருத்தோடு தொடங்கும். தமிழ்ச் சபைகளில் ‘சுயநீதி’ என்ற சொல் எச்சரிக்கையாக ஒலிப்பதும் ‘கிருபை’ என்ற சொல் ஆறுதலாக ஒலிப்பதும் இந்த நீண்ட மரபின் தொடர்ச்சி.

சுயநீதி வேண்டாம் என்றால் நீதியும் வேண்டாமா என்று சிலர் கேட்பதுண்டு. அதற்கு அருளின் பெயரைத் தாங்கிய சகரியாவின் மகனுடைய வாழ்வே விடை. ஆபிரகாம் எங்கள் தகப்பன் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள வேண்டாம் என்று யோர்தான் கரையில் கூடியவர்களை யோவான் எச்சரித்தார். பரம்பரை உரிமையை நீட்டி நிற்கும் வாசலை அடைத்தார். இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும், வரி வசூலிப்பவன் விதித்ததற்கு மேல் வாங்காதிருக்கட்டும், போர்வீரன் மிரட்டிப் பறிக்காதிருக்கட்டும் என்றும் அவரே சொன்னார். அருளின் பெயரைப் பெற்றவர்தான் நீதியை இவ்வளவு கறாராகக் கேட்டார். ஏனெனில் நீதி பிறருக்கு நாம் செய்ய வேண்டிய கடன். கடவுளிடம் காட்டி வாங்கும் சீட்டு அன்று.

செபத்தில் பலருடைய நாவைக் கட்டிப்போடுவது தகுதியைப் பற்றிய கவலை. இந்த வாரம் சரியாக இருந்தேனா, கேட்கும் முகம் எனக்கு உண்டா என்று தயங்குகிறோம். சரியாக இருந்த வாரத்தில் கொஞ்சம் நிமிர்ந்து கேட்கிறோம். தவறிய வாரத்தில் கேட்காமலே இருந்துவிடுகிறோம். இரண்டு வாரத்திலும் நாம் பார்த்தது நம்மையே. மோசே, யோபு, தானியேல், திபேரியாவின் யோகனான் எல்லாரும் பார்த்தது கொடுப்பவரை. அவருடைய இரக்கம் நம் வாரத்துக்கு வாரம் மாறுவதில்லை. ஆகவே தவறிய நாளிலும் கேட்கலாம். தவறாத நாளிலும் அதே சொல்லால்தான் கேட்க வேண்டும்.